பேற்றர் கண்ட கன்னிமாதா

ஓவியத்தைக் கண்ணாற் காண்பார் பலர். கருத்தாற் காண்பார் சிலர். கருத்தாற் காண்பார் ஓரோவழி ஓவியத்தில் இல்லாததையுங் கண்டுவிடுதல் உண்டு. ஆங்கிலத் திறனாய்வாளரான வால்ற்றர் பேற்றர் (1839–1894), இத்தாலிய ஓவியர் பொட்டிச்செல்லியைப் பற்றி எழுதிய கட்டுரை இதற்குத் தக்க சான்றாகும்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த பேற்றர் 1870ஆம் ஆண்டில் அக்கட்டுரையை வெளியிட்டு, 1873இல் மறுமலர்ச்சிக் காலம் பற்றிய தமது நூலிற் சேர்த்தார். ரபாயேலின் புகழொளியில் மறைந்து கிடந்த பொட்டிச்செல்லியை ஆங்கிலங் கற்றோர் அறியச் செய்தாருள் அவரும் ஒருவர்.

பொட்டிச்செல்லியின் மாதாக்களது முகத்திற் பேற்றர் கண்டது சோர்வு. தன்னை நாடிவந்த பெருஞ் சிறப்பைத் தாங்கமாட்டாது, ஏற்கவும் விலக்கவுந் துணியாது நிற்கும் எளிய பெண்ணொருத்தியாகவே அன்னையை அவர் கருதினார். புளோரன்சு நகரத்து உபீசிக் கலைக்கூடத்திலுள்ள வட்ட ஓவியமொன்றில் மரியாள் தன் புகழ்ப்பாடலை ஏட்டில் எழுதுகின்றாள். எழுதுகோல் அவள் கையினின்றும் நழுவும் நிலையில் உள்ளதென்றும், பாடலின் சொற்கள் அவள் நெஞ்சைத் தொடவில்லையென்றும் பேற்றர் பொருள் கொண்டார்.

ஓவியமோ வேறு கூறுகின்றது. மரியாள் எழுதுகோலை மைக்கூட்டிலே தோய்க்கின்றாள். அவளது மற்றைக் கை, குழந்தையின் கையோடு சேர்ந்து மாதுளங்கனியொன்றைப் பற்றியிருக்கின்றது. மாதுளை கிறித்துவின் பாடுகளையும் உயிர்த்தெழுதலையுங் குறிப்பது கிறித்தவ ஓவிய மரபு. ஆதலின் அம்முகத்துத் துயரை, மகனுக்கு நேரவிருப்பதை முன்னுணர்ந்த தாயின் துயரெனக் கொள்ளுதலே பொருந்தும். கனியைக் கருதாது விட்டமையாற் பேற்றர் கொண்ட பொருளும் பிறழ்ந்தது.

இப்பிறழ்ச்சிக்குக் காரணம் உண்டு. டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தபொழுது பேற்றர் ஒக்ஸ்போட்டில் மாணவர். இளமையிற் கொண்ட சமயநம்பிக்கை அவரிடத்துத் தளர்ந்ததும் அக்காலத்திலேயாம். நம்பவும் இயலாது, நம்பிக்கையின் அழகைத் துறக்கவும் இயலாது தவித்த ஒரு தலைமுறையின் உள்ளத்தையே அவர் மரியாளின் முகத்தில் ஏற்றிக் கண்டார் எனலாம்.

எனினும் அக்கட்டுரை தள்ளத்தக்கதன்று. அம்முகத்தில் துயர் உண்டென்பதைக் கூர்ந்து கண்டு கூறியவர் பேற்றரே. அத்துயரின் காரணத்தை உரைத்தவிடத்தே மட்டும் அவர் வழுவினார். திறனாய்வாளன் கைகாட்டும் வழியே ஓவியத்தை அடைதல் நன்று. அடைந்தபின் ஓவியத்தையே உசாவுதல் அதனினும் நன்று.