கீழுக்குக் கீழ்

முந்திரி என்றதும் பாயசம் நினைவுக்கு வரலாம். பழைய கணக்குப்பிள்ளைக்கு அது 320-இல் 1 பங்கு. நாலு முந்திரி ஒரு காணி. நாலு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பாடியே மனப்பாடம் செய்தார்கள்.

முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால்? அங்கேதான் கெட்டிக்காரத்தனம். புதுப்பெயர் தேடி அலையாமல் 'கீழ்' என்று முன்னால் ஒட்டிவிட்டார்கள். கீழ்முந்திரி என்றால் முந்திரியை மறுபடி 320 ஆக வகுத்தது. ஆக 1,02,400-இல் 1. கீழ்க்காணி, கீழ்மா, கீழரை எல்லாம் அதே வழியில் தாமே பிறந்துவிடும். ஒரே ஒரு சொல், ஓர் அடுக்கு முழுதும் கைக்கு வந்துவிடுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. சோழர் கல்வெட்டுகளில் இறையிலி (வரி நீங்கிய) நிலத்தை அளக்கும்போது 'கீழ்' மேல் 'கீழ்' அடுக்கி எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். அதில் கீழ்முந்திரி என்பது அரை மீட்டர்ச் சதுரம். இன்னொரு 'கீழ்' சேர்த்தால் தபால்தலை அளவு!

இன்றைய அறிவியலின் வழி வேறு. 2022-இல் உலக அளவியல் மாநாடு ரோன்டோ, குவெக்டோ என்று இரு நுண்ணளவு முன்னொட்டுகளை ஏற்றது. குவெக்டோவுக்கும் கீழே போக இன்னொரு பெயரைப் புதிதாக ஆக்கியாக வேண்டும். நம் கணக்கருக்கு அந்தக் கவலையே இல்லை.