ஞாயிற்றுக்கிழமைத் தொட்டிக் கழுவல்

மீன்களை வலையில் அள்ளி வாளியில் விடுவது, தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறைப்பது, கூழாங்கற்களைத் தேய்த்து அலசுவது, ஃபில்டர் பஞ்சை அழுக்கு நீங்கும்வரை குழாயடியில் பிழிவது, புதுத் தண்ணீர் நிரப்பி நீல மருந்து நாலு சொட்டு விடுவது. வண்ணமீன் வளர்க்கும் நம் வீடுகள் பலவற்றில் பராமரிப்பு என்றால் இதுதான்.

இதை ஒரேயடியாகப் பழிக்க முடியாது. ஃபில்டரே இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் கிடக்கும் கோல்டு ஃபிஷ், செவுள் வழியே தான் கழிக்கும் அம்மோனியாவிலேயே நீந்துகிறது. அடிக்கடி மாற்றும் தண்ணீர்தான் அதற்கு உயிர். ‘தண்ணீரைத் தொடாதே, தானே சமநிலை வரும்’ என்று வாதிடும் எதிர்க்கட்சி இதைக் கண்டுகொள்வதில்லை. 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் செடி, நத்தை, மீன் மூன்றையும் சேர்த்துவைத்துத் தண்ணீர் மாற்றாமலே வளர்த்துக் காட்டினார். அவர் வைத்திருந்தவை இரண்டே சிறு மீன்கள். நம் இரண்டடித் தொட்டியிலோ ஒரு பட்டாளமே இருக்கிறது.

கோளாறு பஞ்சில் தொடங்குகிறது. அதில் படியும் பழுப்பு நிற வழவழப்பில்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது வேரூன்ற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் அந்த உழைப்பு ஐந்து நிமிடத்தில் போகிறது. மீதியிருப்பதையும் நீல மருந்து கெடுக்கும். மெத்திலீன் புளூ பூஞ்சைக்கான மருந்து. குளோரினை அது ஒன்றும் செய்யாது. தண்ணீரை ஓரிரவு வாளியில் வைத்திருக்கும் பழைய வழக்கமே மேல். அதிலும் குளோரமின் கலந்திருந்தால் பலிக்காது, தயோசல்பேட் சொட்டு வேண்டும்.

‘பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்’ என்ற நல்ல ஆலோசனையும் ஓரிடத்தில் காலை வாரிவிடும். மாதக்கணக்கில் தொடாமல் விட்ட தொட்டி அது. பாக்டீரியாவின் வேலையால் அமிலம் சேர்ந்து, தண்ணீரின் பிஎச் 6 பக்கம் இறங்கியிருக்கும். அங்கே அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக அடங்கிக் கிடப்பதால் மீன்கள் நன்றாகவே நீந்தும். பிஎச் 8 உள்ள போர் தண்ணீரைப் பாதியளவு ஊற்றியதும், அந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி நஞ்சாக மாறும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அப்படி மாறியிருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 என்றால் ஐந்து பங்கு. சென்னை வெயிலில் இன்னும் கூடும். மறுநாள் காலையில் மீன்கள் மிதக்கும், பழி கடைக்காரர்மேல் விழும். (வாஸ்து மீன் என்றால், வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு போனதாக அதற்குப் பெருமை வேறு.) இப்படிப்பட்ட தொட்டியில் பத்தில் ஒரு பங்காக, சில நாள் இடைவெளி விட்டு மாற்றி வருவதே தக்கது.

மற்ற ஃபில்டர் தொட்டிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும். வாரம் கால்பங்குத் தண்ணீர் போதும். பஞ்சை அலசத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரே நல்லது. அதன் பழுப்பு போகவே வேண்டாம். கண்ணாடியில் படியும் பச்சைப் பாசியால் மீனுக்குக் கெடுதல் இல்லை. விருந்தாளி வருகிறார் என்றால் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொள்ளலாம்.