ஆவணப்படத்தின் பின்னணி இசை

ஆவணப்படத்தில் வரும் பின்னணி இசை, படம்பிடித்த இடத்தில் ஒலித்ததன்று. படத்தொகுப்பின்போது சேர்க்கப்படுவது. திரையில் தெரிவதை எப்படி உணர வேண்டும் என்று பார்ப்பவருக்குச் சொல்லாமல் சொல்வது அதன் வேலை. கேட்பவர் யோசிக்கும் முன்பே மனம் இளகிவிடுவதால், உண்மையைச் சொல்ல வந்த படத்துக்கு இசை பெரும் துணையும் ஆகும், பெரும் ஆபத்தும் ஆகும்.

நாஜி வதைமுகாம்களைப் பற்றி அலென் ரெனே 1955இல் எடுத்த 'இரவும் மூடுபனியும்' 32 நிமிடப் படம். இசை ஹான்ஸ் ஐஸ்லர். ஹிட்லர் ஆட்சியில் நாடிழந்து அலைந்தவர். புல் மண்டிய தண்டவாளமும் ஆளில்லாத கட்டடங்களும் வண்ணத்தில் வருகின்றன. பழைய காட்சிகள் கறுப்பு வெள்ளையில். பிணக்குவியலைக் காட்டும் இடத்தில் வயலின்களை விம்மவிடுவதே வழக்கம். ஐஸ்லரோ காட்சி கொடூரமாக ஆக ஆக இசையை மெல்லியதாக்கினார். அழுது மனப்பாரத்தை இறக்கிவைக்கும் வழி அடைபட்டுப்போக, பார்ப்பவர் அந்தக் காட்சியோடு தனியே நிற்க நேர்கிறது. படத்தையே இசையும் திருப்பிச் சொல்லக் கூடாது என்பதை, தத்துவவாதி தியோடோர் அடோர்னோவுடன் எழுதி 1947இல் வெளிவந்த நூலிலேயே அவர் வலியுறுத்தியிருந்தார். பசித்த குழந்தையின் முகத்துக்கு அடியில் சோகப் பியானோவை ஓடவிடும் தொலைக்காட்சிப் படங்கள் இதை இன்றும் கற்கவில்லை. அந்த முகத்தை நம்பாததால்தான் பியானோ தேவைப்படுகிறது.

எரால் மோரிஸின் 'தி தின் புளூ லைன்' (1988) சிக்கலான உதாரணம். டாலஸ் நகரில் 1976இல் நடந்த காவலர் கொலையில் தவறாகத் தண்டிக்கப்பட்ட ராண்டல் ஆடம்ஸ், படம் வந்த மறு ஆண்டு விடுதலையானார். அந்தக் கொலை, சாட்சிகள் சொன்னபடியெல்லாம் மறுபடி மறுபடி நடித்துக் காட்டப்படுகிறது. பிலிப் கிளாஸின் சுழன்று வரும் இசை படம் முழுவதற்கும் விதியின் கனத்தைத் தருகிறது. மனத்தைப் பிணைப்பதில் அதற்கு நிகர் அரிது. ஆனால் மெய்ச் சாட்சியையும் பொய்ச் சாட்சியையும் பிரித்துக் காட்ட இசையால் முடியாது. அந்த வேலையைச் செய்தவை நேர்காணல்கள்தாம்.

கிளாட் லான்ஸ்மான், நாஜிகளின் யூதப் படுகொலையைப் பற்றிய 'ஷோவா' (1985) படத்தில் பின்னணி இசையையே விலக்கினார். ஆனாலும் படம் ஒரு பாட்டோடுதான் தொடங்குகிறது. 13 வயதில் ஹெல்ம்னோ முகாமில் அடைபட்டிருந்த சிமோன் ஸ்ரெப்னிக், முயல்களுக்குத் தீவனம் கொண்டுவர ஆற்றில் படகில் போகும்போதெல்லாம் காவல் வீரர்களுக்காகப் பாட வேண்டியிருந்தது. 47 வயதில் அதே ஆற்றில், படகில் அமர்ந்து, மீண்டும் பாடுகிறார். அதற்குத் துணையாக எந்தக் கருவியும் சேர்க்கப்படவில்லை.