மனால் அல்-ஷரீபின் நூலும் என் காக்காவின் சாரதி வேலையும்

இந்த நூலைப் பற்றி எழுதுவதற்கு முன் ஒரு கடனைச் சொல்லிவிட வேண்டும். சவூதி அரேபியாவில் பெண்கள் வாகனம் ஓட்டக் கூடாது என்றிருந்த காலத்தில், அந்தத் தடையினால் கிடைத்த சம்பளத்தில் வளர்ந்தவன் நான். என் காக்கா 1998 தொடக்கம் 2009 வரை தம்மாமில் ஒரு வீட்டில் சாரதியாக இருந்தார். அந்த வீட்டுப் பெண்களைப் பாடசாலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் இறக்கி ஏற்றுவதுதான் அவருடைய வேலை. கைச்செலவுக்கும் காணாத கொடுப்பனவில் நான் தொண்டராசிரியனாக நின்ற வருடங்களிலும், பின்னர் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்திலும் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவருடைய காசில்தான். அந்தப் பெண்களுக்குத் தாங்களே ஓட்ட அனுமதி இருந்திருந்தால், காக்காவுக்கு அந்த விசா கிடைத்திருக்காது.

ஆகவே மனால் அல்-ஷரீப் எழுதிய 'டேரிங் டு டிரைவ்' என்ற நூலை என்னால் அந்நியனாக நின்று வாசிக்க முடியவில்லை. 2017இல் வெளிவந்த இந்தச் சுயசரிதையின் உபதலைப்பு, ஒரு சவூதிப் பெண்ணின் விழிப்பு என்று பொருள்படும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, "சேர், வாசிச்சிட்டுச் சண்டை பிடியுங்க" என்று சொல்லித் தந்துவிட்டுப் போனாள். என் ஆங்கிலம் அகராதியோடு நடக்கின்ற ஆங்கிலம். வாசித்து முடிக்க இரண்டு மாதங்கள் சென்றன.

மனால் 1979இல் பிறந்து மக்காவில் வளர்ந்தவர். வாப்பா டாக்சி ஓட்டியவர். லிபியாவைப் பூர்வீகமாகக் கொண்ட உம்மா, பிள்ளைகளின் படிப்பை விட்டுக்கொடுக்காதவர். மனால் ஜித்தாவில் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து, அரம்கோ எண்ணெய் நிறுவனத்தில் தகவல் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தார். 2011 மே மாதத்தில் அல்-கொபர் நகரில் அவர் கார் ஓட்டியதை வஜீஹா அல்-ஹுவைதர் படம்பிடித்தார். அந்த ஒளிப்பதிவு யூடியூப்பில் பரவியது. அவர் கைதாகி, விடப்பட்டு, மறுபடியும் கைதானார். தம்மாம் பெண்கள் சிறையிலிருந்து அந்த மாதம் 30ஆம் திகதி விடுதலையானார். மகளுக்காக மன்னரிடம் முறையிடப் போன வாப்பாவை அவர் எழுதியிருக்கும் இடம், பெண் பிள்ளையைப் பெற்ற எவரையும் தொடும்.

நூலின் முதற் பலம் அதன் நேர்மை. சீர்திருத்தம் பேசுகின்ற பலர், தாம் பிறந்த நாளிலிருந்தே தெளிவாக இருந்தது போலத்தான் எழுதுவார்கள். மனால் அப்படி எழுதவில்லை. இளவயதில் தானே தீவிரப் போக்கில் விழுந்ததையும், சகோதரனின் பாட்டுக் கசட்டுகளை அழித்ததையும், வீட்டாரைத் தான் படுத்திய பாட்டையும் மறைக்காமல் சொல்கிறார். 1990களில் எங்கள் பக்கத்திலும் இதே போன்ற பிள்ளைகள் இருந்தார்கள். குடும்பப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லி உம்மாவுடன் சண்டை பிடித்தவர்களில் நானும் ஒருவன். அந்த வயதின் வேகம் எங்கிருந்து வந்தது, எந்தக் கசட்டும் எந்தக் கைநூலும் அதை ஊட்டின என்று இந்த அளவுக்குத் திறந்து நம்மவர் எழுதிய ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.

பாடசாலை பற்றிய பகுதிகள் என்னை அதிகம் கஷ்டப்படுத்தின. வீட்டிலும் அடி, பள்ளிக்கூடத்திலும் அடி. கேள்வி கேட்கும் பிள்ளையைக் கெட்ட பிள்ளை என்று முடிவுகட்டுகின்ற ஆசிரியர்கள். இதை வாசித்தபோது எனக்குச் சவூதி ஞாபகம் வரவில்லை. என் முதல் ஐந்து வருடக் கற்பித்தலும் மேசையில் கிடந்த என் பிரம்பும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

இரண்டாவது பலம், அந்தத் தடையின் உடலமைப்பை அவர் காட்டும் விதம். பெண் வாகனம் ஓட்டக் கூடாது என்று சவூதியின் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு வரியும் இருக்கவில்லை. பெண்ணுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கொடுப்பதில்லை என்ற நடைமுறைதான் இருந்தது. 1990 நவம்பர் 6இல் ரியாத் நகரில் 47 பெண்கள் கார்களில் ஊர்வலமாகப் போனார்கள். அவர்கள் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள், கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. அதன்பிறகே ஷெய்க் பின் பாஸின் பத்வாவும் உள்துறை அமைச்சின் தடை அறிவிப்பும் வந்தன. அதே நாட்டில், அரம்கோவின் வேலிக்கு உள்ளே பெண்கள் காரோட்டினார்கள். வேலிக்கு உள்ளே ஆகுமானது வெளியே ஹராமாகிவிடுமா என்பது மனாலுடைய கேள்வி மட்டுமல்ல. பிக்ஹ் படித்த எவரும் கேட்கக் கூடிய கேள்வி. ஒட்டகமேறும் குறைஷிப் பெண்களைப் புகழ்ந்து ஹதீஸ் இருக்கிறது என்பதை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். வழக்கம் மார்க்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது அதைக் கழற்றிப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்நூல் படிப்படியாகக் காட்டுகிறது.

இனிக் குறைகள். என் மாணவி கேட்ட சண்டை இங்கேதான் இருக்கிறது.

இந்நூலில் சாரதிகள் வருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் செலவாகவும் தொந்தரவாகவும் வருகிறார்கள். பெண் தனியே ஓர் அந்நிய ஆணுடன் இருக்கக் கூடாது என்று சொல்கின்ற சமூகம், அதே பெண்ணைத் தினமும் அந்நியச் சாரதியின் வண்டியில் ஏற்றி அனுப்பிய முரண்பாட்டை மனால் சரியாகவே பிடிக்கிறார். ஆனால் அந்த அந்நியன் யார்? அந்தச் சாரதியும் கபீலின் கையில் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றவன்தான். பெண்ணுக்கு வெளியே போக மஹ்ரமின் அனுமதி தேவைப்பட்டது. சாரதிக்கு ஊருக்குப் போகக் கபீலின் அனுமதி தேவைப்பட்டது. ஒரே காரின் முன் ஆசனத்திலும் பின் ஆசனத்திலும் அனுமதிக்குக் காத்திருந்த இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். இந்தச் சித்திரத்தை மனால் எழுதியிருந்தால், நூல் இன்னொரு உயரத்துக்குப் போயிருக்கும்.

இதைக் காக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கு அந்த ஊர் றோட்டு ஒண்டும் தெரியாதுடா தம்பி. பின்சீட்டில இருந்து மூத்த மகள்தான் வழி சொல்லுவா. இடது, வலது, மெதுவா எண்டு எல்லாம் அவதான். நான் ஸ்டியரிங்கப் பிடிச்சன், அவ்வளவுதான்" என்றார். பதினொரு வருட உழைப்பைப் பற்றி அவர் இப்படிச் சொன்னது எனக்குத் துக்கமாக இருந்தது. அவருக்கோ அதில் துக்கம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆயினும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வீட்டுப் பணிப்பெண்கள் விடயத்தில் மனால் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தம்மாம் சிறையில் அவர் கண்ட பெண்களில் பலர் வெளிநாட்டுப் பணிப்பெண்கள். தண்டனைக் காலம் முடிந்தும், சிறிய கடனை அடைக்கவோ விமானச் சீட்டுக்கோ வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்தவர்கள். விடுதலையான பின்னர் அவர்களுக்காக 'பரஜ்' என்ற பெயரில் ஓர் இயக்கத்தை நடத்தினார். மூதூர் றிஸானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட செய்தியைக் கேட்டு அழுத ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. பிள்ளையின் வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுத்து அனுப்பிய நம் பங்கை அன்று நாம் பேசவில்லை. ஒரு சவூதிப் பெண், தன் நாட்டுச் சிறையில் கிடந்த இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் பெண்களின் கடனைப் பற்றிப் பேசியிருக்கிறார். நாம் நம்முடைய பெண்களைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

நூலைப் பற்றிப் பேசும்போது நண்பர்கள் ஒரு குற்றச்சாட்டைச் சொல்வார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு, வெள்ளைக்காரருக்கு விருப்பமானதை எழுதுகிறார் என்பது. இதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. நூல் ஆங்கிலத்தில், மேற்குலக வாசகரை முன்னிருத்தியே எழுதப்பட்டிருக்கிறது. சவூதி ஆட்சியின் ஆயுளுக்கு எண்ணெய் வாங்கும் நாடுகளும் ஆயுதம் விற்கும் நாடுகளும் கொடுத்த உதவி, மக்காவின் சின்ன வீட்டில் நடந்த கொடுமை அளவுக்கு விரிவாக எழுதப்படவில்லை. அந்த வாசகர் தன்னைக் கேள்வி கேட்காமலே புத்தகத்தை மூடிவிடலாம்.

ஆனால் அவர் ஏன் வெளியே போனார் என்பதையும் பார்க்க வேண்டும். 2012இல் ஒஸ்லோவில் வாக்லாவ் ஹாவெல் விருதைப் பெற்ற கையோடு அரம்கோ வேலை போனது. வெளிநாட்டவரை மறுமணம் செய்ய அனுமதி கிடைக்கவில்லை. டுபாய்க்கும் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கும் போனார். முதல் திருமணத்து மகன் தகப்பனோடு சவூதியில் நின்றுவிட்டான். பிள்ளையை விட்டு இருப்பதைச் சொகுசு என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. வெளியே இருப்பவர் பேசக் கூடாது, உள்ளே இருப்பவர் பேசினால் சிறை என்றால், யார்தான் பேசுவது?

நூல் வெளிவந்த பின் நடந்தவை அதற்கு ஓர் அத்தியாயத்தைச் சேர்த்துவிட்டன. 2017 செப்டெம்பர் 26இல் அரச ஆணை வந்தது. 2018 ஜூன் 24இல் பெண்கள் சட்டப்படி வாகனம் ஓட்டத் தொடங்கினார்கள். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2018 மே மாதத்தில், அந்த உரிமையைக் கேட்டவர்களே கைதானார்கள். லுஜைன் அல்-ஹத்லூல், அஸீஸா அல்-யூசுப், ஈமான் அல்-நப்ஜான் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். 1990 ஊர்வலத்தில் போன முதியவர்கள் சிலரையும் பிடித்துப் பின்னர் விட்டார்கள். லுஜைன் 2021 பெப்ரவரியில்தான் வெளியே வந்தார். கொடுத்ததை மன்னரின் கொடையாக மட்டுமே பார்க்க வேண்டும், கேட்டுப் பெற்றதாக யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதே இதன் பொருள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

தனிமனித சுதந்திரம் என்ற சொல் நம்மிடையே சந்தேகத்தோடு பார்க்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர், அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்திரை தடை செய்யப்பட்ட நாட்களில் நம் பெண்கள் பட்ட அவமானத்தை மறக்க முடியாது. அன்று நாம், உடுப்பு அவளுடைய தெரிவு என்று வாதாடினோம். அந்த வாதம் சரியானது. ஆனால் அரசாங்கத்திடம் சொன்னதை ஊரிடமும் சொல்ல வேண்டும். உடுப்பு அவளுடைய தெரிவென்றால் ஓட்டுவதும் அவளுடைய தெரிவுதான். என் ராத்தாவின் விவாகப் பதிவில் வாப்பாவின் கையொப்பம் இருக்கிறது, மச்சானின் கையொப்பம் இருக்கிறது, ராத்தாவின் கையொப்பம் இல்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த பதிவு அது. அதைப் பார்த்து நாங்கள் யாரும் அன்று ஆச்சரியப்படவில்லை. சவூதியைப் பார்த்து மட்டும் ஆச்சரியப்பட்டோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில், ஸ்கூட்டியில் பாடசாலைக்கு வந்த ஓர் இளம் ஆசிரியையைப் பற்றிச் சிலர் கதைத்தார்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடையில் நடந்த அந்தக் கதையில் நானும் இருந்தேன். ஹராம் என்று யாரும் சொல்லவில்லை. "ஒரு மாதிரி இருக்கு" என்றார்கள். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். அவளுடைய பாடசாலை மூன்று மைல் தூரம், பஸ் இல்லாத பாதை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூடப் போயிராது. மனால் ஒன்பது நாட்கள் சிறையில் இருந்ததை வாசித்தபோது, எனக்கு வெட்கத்தைத் தந்தது அந்த அரை நிமிடம்தான்.

மேற்சொன்ன குறைகளோடும் இந்நூல் வாசிக்கப்பட வேண்டும். முக்கியமாக வளைகுடாக் காசில் படித்த நாம், அந்தக் காசு எந்தத் தடையின் வழியாக வந்தது என்பதை அறிவதற்காக வாசிக்க வேண்டும். ஒரு சாரதியோ பணிப்பெண்ணோ அதே நாட்டை எழுதினால் இந்நூலின் மற்றப் பாதி கிடைக்கும். அது நம் ஊர்களில் இருந்துதான் வர வேண்டும். காக்காவை எழுதச் சொன்னேன். "நீ எழுது, நான் சொல்றன்" என்றார். ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன்.

என் மூத்த மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஸ்கூட்டி பழக வேண்டும் என்று போன நோன்புப் பெருநாளிலிருந்து கேட்கிறாள். "யோசிப்பம்" என்றே சொல்லி வந்தேன். இந்தக் கட்டுரையை எழுதி முடித்த அன்று, சாரதி அனுமதிப்பத்திர விண்ணப்பத்துக்கு வேண்டிய படத்தை எடுத்து வைக்கச் சொன்னேன். பழக்குவது காக்கா.