காடு வளர்த்த கணக்கு

ஆரோவில் எங்கே இருக்கிறது? பாண்டிச்சேரியில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ரெவின்யூ ரெக்கார்டு வேறு மாதிரி சொல்லும். பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. திண்டிவனத்திலிருந்து பாண்டி போகிற பஸ்ஸில் ஏறி, திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் இறங்கி, இடது பக்கம் போகவேண்டும்.

அங்கேயே வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஆகாஷ் கபூர். அப்பா இந்தியர், அம்மா அமெரிக்கர். 2021-ல் வெளியான இவருடைய 'பெட்டர் டு ஹேவ் கான்' புத்தகத்தை இரண்டே ராத்திரியில் முடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, கீழே வைக்க விடவில்லை.

கதை இதுதான். ஜான் வாக்கர், அமெரிக்கப் பெரிய வீட்டுப் பிள்ளை. அப்பா வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு இயக்குநராக இருந்தவர். டயான் மாஸ், பெல்ஜியத்துக்காரப் பெண். டயானுக்கு ஒரு சின்ன மகள். மூன்று பேரும் ஒரு குடும்பமாக ஆரோவில்லில் தங்கிவிடுகிறார்கள். காட்டுக்குள் வாழ்ந்த குடும்பம் என்று இன்றைக்கு நினைக்கத் தோன்றும். அவர்கள் வந்தபோது அங்கே காடு எங்கே இருந்தது? செம்மண் பொட்டல். மழைக்கு அரித்துப்போன பள்ளங்கள். அங்கங்கே பனை. காட்டை இனிமேல்தான் வளர்த்தாகவேண்டும்!

1976-ல் மாத்ரி மந்திர் கட்டுமானத்தின்போது மேலிருந்து டயான் விழுந்தார். கால்கள் செயலிழந்தன. டாக்டர்களை அவர் நம்பவில்லை. அன்னையின் யோகம் உடம்பின் அணுக்களையே மாற்றும், எழுந்து நடந்துவிடலாம் என்று நம்பினார். பத்து வருஷம். நடக்கவில்லை. 1986-ல் ஜானுக்கு உடம்பு முடியாமல் போனது. அவரும் வைத்தியம் வேண்டாம் என்றார். இறந்துபோனார். அதே நாளில் டயானும் போய்ச் சேர்ந்தார். பதினாலு வயது மகளை நியூயார்க்கிலிருந்த ஜானின் சகோதரி வளர்த்தார். அந்தப் பெண்ணைத்தான் கபூர் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார். 2004-ல் இருவரும் ஆரோவில்லுக்கே திரும்பினார்கள்.

மாமனார், மாமியார் சாவை ஒரு மாப்பிள்ளை துருவுவது எவ்வளவு சங்கடமான வேலை! கபூர் யாரையும் கழுவில் ஏற்றவில்லை, யாருக்கும் கோயிலும் கட்டவில்லை. நம்பிக்கை ஒருவரைத் தூக்கி நிறுத்துவதும் அதே நம்பிக்கை அவரைப் படுக்கையில் தள்ளுவதும் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் வருகின்றன. பெரியவர்களின் லட்சியத்துக்கான பில் கடைசியில் குழந்தை கையில் போய்ச் சேர்வதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. இந்த அளவில் முதல் தரமான புத்தகம்.

என் புகார் வேறு. நான் பி.காம். படித்த ஆள். வரவைப் பார்த்தால் பற்று எங்கே என்று கண் தேடும்.

1968 பிப்ரவரி 28-ல் 124 நாட்டு மண்ணை ஒரு தாழியில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். தாழியை வைத்த மண் யாருடையது? குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, இரும்பை, கோட்டக்கரை என்று சுற்றிலும் ஊர்கள். அந்த ஊர்க்காரர்களிடம் வாங்கிய நிலம். மழைத்தண்ணீர் ஓடாமல் கரை போட்டதில், குழி வெட்டியதில், கன்றுக்குத் தண்ணீர் சுமந்ததில் வெள்ளைக்காரர்களின் வியர்வை உண்டு, மறுக்கவில்லை. கூலிக்கு வந்த நம் ஜனங்களின் வியர்வையும் உண்டு. புத்தகத்தில் அவர்கள் வராமலில்லை. வருகிறார்கள், ஓரமாக நிற்கிறார்கள். டயானின் மனசுக்குள் புகுந்து பார்க்கிற எழுத்தாளர், பக்கத்து ஊர்ப் பெண்மணிக்கு அந்தப் படுத்த படுக்கையைப் பார்த்து என்ன தோன்றியிருக்கும் என்று அதே பொறுமையோடு கேட்டிருக்கலாம். ‘ஏம்மா, ஜிப்மர் இங்கேதானே இருக்கு?’ என்று யாராவது ஒரு ஆயா கேட்காமலா இருந்திருப்பார்?

இவருக்குத் தமிழ் கிராமம் தெரியாது என்றால் விட்டுவிடலாம். தெரியும். 2012-ல் வந்த இவருடைய ‘இந்தியா பிகமிங்’ புத்தகத்தில் திண்டிவனம் பக்கத்து மொளசூர்க்காரர் ஒருவர் முக்கியமான பாத்திரம். ஒருகாலத்தில் ஊரையே ஆண்ட ரெட்டியார் குடும்பம். அதிகாரம் கையை விட்டுப் போவதை, பக்கத்து வயலெல்லாம் பிளாட் ஆவதை அந்த மனிதர் பேசப்பேசக் கபூர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்படிப்பட்ட காது, சொந்த வீட்டுக் கதை என்று வரும்போது மட்டும் உள்பக்கமாகவே திரும்பிக்கொண்டது.

இது சின்னக் குறை இல்லை. புத்தகம் வந்த அதே 2021-ல், டிசம்பர் மாதம், ஆரோவில்லில் சாலை போடப் புல்டோசர் வந்து மரங்களைச் சாய்த்தது. முன்னால் போய் நின்று மறித்தார்கள். நகரமா காடா என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை, பிறகு சுப்ரீம் கோர்ட் வரை வழக்கு போனது. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்தது. இவ்வளவு சத்தத்திலும் கன்று நட்ட குயிலாப்பாளையத்துக் கிழவரிடம் யாரும் மைக்கை நீட்டி நான் பார்க்கவில்லை.

கபூர் அடுத்த புத்தகத்துக்கு மொளசூர் வரை போகவேண்டாம். குயிலாப்பாளையம் நடந்தே போகிற தூரம்தான்.