தினப்படிச் சேதிக்குறிப்பும் ‘பிரைவேட்’ என்னும் அடைமொழியும்

1. முன்னுரை

செல்வக் குடும்பங்கள் விட்டுச்சென்ற தாள்களைச் சொந்த வாழ்க்கை சார்ந்தவை, தொழில் சார்ந்தவை எனப் பகுத்து வைப்பது மேலை நாட்டு ஆவணக் காப்பகங்களின் பொதுவழக்கு. தென் கலிபோர்னியாவில் இருப்புப்பாதையாலும் மனை விற்பனையாலும் பெரும்பொருள் ஈட்டிய ஹென்றி ஹண்டிங்டன் போன்றோரின் தாள்களுக்கு இப்பகுப்பு ஓரளவு பொருந்தும். அங்குக் குழுமம் என்பது குடும்பத்தினின்றும் சட்டத்தால் வேறுபட்ட அமைப்பாகும். தமிழ் வணிகக் குடும்பத் தாள்களுக்கும் அது பொருந்துமா, பொருந்தாவிடில் மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு யாது என்பன இங்கு ஆராயப்படுகின்றன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு முதன்மைச் சான்றாகவும், சத்தியவேடு வட்டாரப் பத்திரங்களின் மொழி துணைச் சான்றாகவும் கொள்ளப்படுகின்றன.

2. தலைப்பில் நேர்ந்த மாற்றம்

புதுச்சேரியில் துய்ப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் (1742–1754) தலைமைத் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்புகள் தமிழில் ‘தினப்படிச் சேதிக்குறிப்பு’, ‘சொஸ்தலிகிதம்’ என்னும் பெயர்களால் வழங்கின. முன்னது அன்றாடச் செய்தியைக் குறிக்கும். பின்னது தம் கைப்பட எழுதியது என்று பொருள்படும். இரண்டிலும் ‘பிறர் அறியாதது’ என்னும் பொருள் இல்லை. சென்னை அரசின் ஆணைப்படி 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்போ ‘பிரைவேட் டயரி’ எனத் தலைப்பிடப்பட்டது. இவ்வடைமொழி மூலத்தில் இல்லாத ஒரு பகுப்பை நூலின் வாயிலிலேயே நிறுவிவிடுகிறது.

நூலின் தொடக்கத்தில் ஆசிரியர் தாம் கேட்டவை, கண்டவை, கப்பல்களின் வரவு, போக்கு முதலியவற்றை எழுதப்போவதாகவே கூறுகிறார். அதற்கேற்பத் துணி வணிகமும் திருமணமும் முற்றுகையும் நோயும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. இதனைக் குழப்பம் எனக் கொள்வது தவறு. 1746இல் துபாஷி கனகராய முதலி இறந்தபின் அவர்தம் தம்பிக்கும் மனைவிக்கும் இடையே எழுந்த சொத்து வழக்கு இதனைத் தெளிவுபடுத்தும். அது பாகப்பிரிவினை; அதே வேளையில் வணிகக் கணக்கு; துபாஷிப் பதவி யாருக்கு என்னும் வினாவும் அதனுடன் பிணைந்து நின்றது. இப்பகுதியை எந்த அடைவில் வைப்பது? எதில் வைத்தாலும் பொருளின் ஒரு பாதி மறையும்.

3. கூற்றும் மேற்கோளும்

தலைப்பில் நேர்ந்ததே தொடரமைப்பிலும் நேர்கிறது. 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கையெழுத்தில் மேற்கோள் குறி இல்லை. பிறர் கூற்று ‘என்று’ என்னும் இடைச்சொல்லால் முடிவுறும். அது எங்குத் தொடங்குகிறது என்பதைச் சூழலே காட்டும். ஆங்கிலத்தில் மேற்கோள் குறி இட்டவுடன், நினைவிலிருந்து எழுதிய சுருக்கம் சொல்லுக்குச் சொல் பதிந்த உரையாடலாகத் தோற்றமளிக்கிறது. வணிகர் தம் நலன் கருதித் தொகுத்த செய்தி, நடுநிலைச் சாட்சியமாக மாறிவிடுகிறது.

4. சத்தியவேடு: இன்றைய தேவை

இச்சிக்கல் பழைய நூலோடு நின்றுவிடுவதன்று. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த சத்தியவேடு பகுதி, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 2008இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டித் தொழில் நகரம் இங்கு நிலத்தின் தேவையைப் பெருக்கியது. முன்னோர் தமிழில் எழுதிய பத்திரம் தெலுங்கில் இயங்கும் அலுவலகத்தின் முன் வைக்கப்படும்போது மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல் ஒருவரது உரிமையையே தீர்மானிக்கக்கூடும்.

பட்டா, அடங்கல், கிஸ்தி போன்றவை இரு மொழிக்கும் பொது. இப்பொதுமையே ஏமாற்றுவதும் உண்டு. ‘மாகாணி’ தமிழில் பதினாறில் ஒரு பங்கு. தெலுங்கில் ‘மாகாணி’ என ஒலிக்கும் சொல் நன்செய் நிலத்தைக் குறிக்கும். பங்கின் அளவு நிலத்தின் வகையாகத் திரிவதற்கு இது ஒன்றே போதும். ‘பங்காளி’ என்பதும் அத்தகையதே. பத்திரத்தில் அது பெரும்பாலும் தந்தைவழி உறவினரான உரிமையாளரைச் சுட்டும். இன்றைய வழக்கில் தொழிற்கூட்டாளியையும் சுட்டும். கூட்டாளி என்று பெயர்த்தால் பிறப்பால் வந்த உரிமை ஒப்பந்தத்தால் வந்ததாகிவிடும். வெறும் உறவினர் என்று பெயர்த்தால் உரிமையே மறைந்துவிடும்.

5. முடிவுரை

குடும்பம், தொழில் என்னும் பகுப்பு தமிழ் வணிகக் குடும்பத் தாள்களின் இயல்பன்று. படிப்போர் மேலிருந்து சுமத்துவது. ஆகவே உறவுச்சொற்களையும் அளவைச்சொற்களையும் மூல வடிவிலேயே நிறுத்தி விளக்கம் தருதலும், கூற்றின் எல்லை ஐயமாக உள்ளவிடத்து மேற்கோள் குறியைத் தவிர்த்தலும், மூலம் தனக்கு இட்டுக்கொண்ட பெயரைத் தலைப்பில் காத்தலும் மொழிபெயர்ப்பாளர் கடமைகளாகின்றன. 12 தொகுதிகளை நிறைவுசெய்த ஆங்கிலப் பதிப்பின் உழைப்பு பெரிது. எனினும் தினப்படிச் சேதியைத் தனிமனிதரின் அந்தரங்கமாக்கிய அவ்வடைமொழியை இனிவரும் பதிப்புகள் கைவிடுதல் தகும்.