பவர் எப்போது கைமாற வேண்டும்?

அடையாறு காந்தி நகரிலும் கஸ்தூரிபா நகரிலும் மாமரத்தோடு நின்ற தனி வீடுகள் பல, ஸ்டில்ட் பார்க்கிங் வைத்த அடுக்ககங்களாகிவிட்டன. இவற்றில் கணிசமானவை ஒரே வகை ஒப்பந்தத்தில் பிறந்தவை. பத்திரத்தில் கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம் என்றிருக்கும், பேச்சில் ‘ஜேவி’. உரிமையாளர் மனையைத் தருகிறார், பில்டர் கட்டுமானச் செலவை ஏற்கிறார், கட்டிய பரப்பை இருவரும் பிரித்துக்கொள்கிறார்கள். பாதிக்குப் பாதியா, அறுபதுக்கு நாற்பதா என்பதில்தான் மாதக்கணக்கில் பேரம் நடக்கிறது. ஆனால் உரிமையாளரைக் காப்பதும் கவிழ்ப்பதும் அந்த விகிதத்தைவிட, யார் எதை எந்தக் கட்டத்தில் கொடுக்கிறார் என்ற வரிசைதான் என்பது என் வாதம். அந்த வரிசையைப் பற்றி யாரும் பேரம் பேசுவதில்லை.

இந்த முறையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்குக் கோடிகள் பெறும் மனை இருக்கும்; ஒழுகும் கூரையைச் சீராக்கப் பணம் இருக்காது. எழுபது வயதில் அவருக்கு வீட்டுக்கடன் கிடைப்பதும் அரிது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வீட்டைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது, மூன்று ஃபிளாட்டாகத் தரலாம். பில்டருக்கோ அடையாறு விலையில் மனை வாங்க முதல் போட வேண்டியதில்லை. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப் பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக்கின. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில், 7,200 சதுர அடிக்குப் பதில் 9,600 கட்டலாம் என்றானது. பங்கிட அப்படிக் கூடுதல் பரப்பு கிடைத்தபோது, கடனோ விற்பனையோ இல்லாமல் அதை இரு தரப்புக்கும் பயன்படச் செய்தது ஜேவிதான்.

குறை, கையெழுத்திடும் நாளிலேயே தொடங்குகிறது. பெரும்பாலும் ஒப்பந்தமும், ‘பவர்’ எனப்படும் பொது அதிகாரப் பத்திரமும் ஒரே நாளில் பதிவாகின்றன. பில்டரின் பங்குக்குரிய யூடிஎஸ்ஸை, அதாவது பிரிபடாத மனைப் பாகத்தை, யாருக்கு வேண்டுமானாலும் கிரயம் செய்து கொடுக்கும் உரிமை அந்தப் பவரில் இருக்கும். அதை ரத்து செய்ய முடியாது என்ற வரியும் இருக்கும். அந்த வரி வெறும் அலங்காரமன்று. முகவருக்கே அந்தச் சொத்தில் அக்கறை உரிமை இருந்தால், அதற்குப் பாதகமாக முகமையை முடித்துவிட முடியாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு. பாதிக்குப் பாதி என்ற கணக்கில் பாருங்கள். முதல் மாதத்திலேயே 2,400 சதுர அடி மனைப் பாகம் விற்பனைக்குப் போய்விடுகிறது. இரண்டாம் தளத்துக்கு ஸ்லாப் போட்டதோடு வேலை நின்றால், பழைய வீடும் இல்லை, புது ஃபிளாட்டும் இல்லை. மனையில் பாதிக்குப் பணம் கட்டிய நான்கைந்து குடும்பங்கள் மட்டும் பங்காளிகளாக நிற்கும். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதால் ஒப்பந்தத்தை முறிப்பது இன்னும் கடினமாகிறது. உரிமையாளர் தர வேண்டியது தொடக்கத்திலேயே தீர்ந்துபோகிறது, பில்டர் தர வேண்டியது கடைசியில்தான் வருகிறது. விகிதத்தில் ஐந்து சதவீதம் கூடுதலாக வாங்கியிருந்தாலும் இந்த நிலையில் அது உதவாது.

சட்டம் காக்காதா என்று கேட்கலாம். 2016-ஆம் ஆண்டின் ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குவோரிடம் திரட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மிகாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மிகாவிட்டாலோ திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 5,380 சதுர அடி. நாம் பார்த்த இரண்டு கிரவுண்டு மனை, எல்லைக்குச் சற்றுக் கீழே, வெளியில் நிற்கிறது. அடையாற்றின் உள் தெருக்களில் நடக்கும் சிறிய ஜேவிகளுக்கு எழுதிய பத்திரமே பாதுகாப்பு. ஆறுதலாக ஒரு தீர்ப்பு உண்டு. டெல்லி கைலாஷ் காலனி வீடு பற்றிய வழக்கில், தலைப்பில் கூட்டு முயற்சி என்று எழுதியதாலேயே அது கூட்டு முயற்சி ஆகிவிடாது, இத்தகைய உரிமையாளர் ஒரு நுகர்வோர் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நுகர்வோர் மன்றக் கதவு திறந்தது நல்லதே. ஆனாலும் அது இழந்தபின் தட்டும் கதவு.

பில்டர்கள் சொல்லும் மறுப்பு நியாயமானது. இடிப்பது, திட்ட அனுமதிக் கட்டணம், உரிமையாளருக்கு மாற்று வீட்டு வாடகை என்று அவர்களும் முன்கூட்டியே செலவழிக்கிறார்கள். வாங்குவோருக்குக் கடன் தரும் வங்கியோ யூடிஎஸ் பதிவைக் கேட்கிறது. பவரே இல்லையென்றால் வேலை ஓடாது. நான் கேட்பதும் பவரை மறுப்பதை அன்று, படிப்படியாகத் தருவதை. வாங்குவோரின் பணமே ஸ்லாப் வாரியாகத்தான் வருகிறது, விற்கும் உரிமையும் அப்படியே வரலாம். அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, ஒவ்வொரு கூரைக்கும் ஒரு பகுதி, கடைசி ஃபிளாட்டின் பாகம் உரிமையாளரின் வீடுகளை ஒப்படைத்த பிறகு. பெயர் பெற்ற பில்டருக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். நேற்று நன்றாகக் கட்டியவரின் இன்றைய கடன் நிலையைப் பெயர்ப் பலகை சொல்லாது. வருமான வரிச் சட்டமே இந்த வரிசையை உணர்ந்துகொண்டது. 2017-ல் வந்த திருத்தப்படி, பதிவான ஜேவியில் தனிநபருக்கான மூலதன ஆதாய வரி கையெழுத்திட்ட ஆண்டில் விழாமல், நிறைவுச் சான்று கிடைக்கும் ஆண்டில் விழுகிறது. வீடு கைக்கு வரும் முன் ஆதாயம் வந்ததாகக் கொள்ளக்கூடாது என்று அரசு ஏற்கும்போது, உரிமையாளரின் வழக்கறிஞரும் அதே பார்வையைப் பத்திரத்தில் எழுதலாம்.

இப்போது பழைய அடுக்ககங்களையே இடித்துக் கட்டும் பேச்சு சாஸ்திரி நகரிலும் பெசன்ட் நகரிலும் கேட்கிறது. 2022-ல் இயற்றி 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்கிறது. ஒற்றை ஆள் முட்டுக்கட்டை போடும் நிலை நீங்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் தனி வீட்டுக்காரர் தன் மனையை மட்டுமே பணயம் வைத்தார். இங்கே சங்கத்தின் செயற்குழு, சம்மதிக்காத அண்டை வீட்டுக்காரரின் கூரையையும் சேர்த்துப் பில்டரிடம் ஒப்படைக்கிறது. அந்தப் பொதுக்குழுவில் கூடுதல் சதுர அடி பற்றிப் பேசும் முன், பவரைக் கட்டம் கட்டமாகத் தரும் அட்டவணையை மேசையில் வைத்து, ஒவ்வொருவரும் படித்த பிறகே வாக்கெடுப்பு நடக்க வேண்டும்.